இரண்டாவது இரவுக்கு ஒரு ஜெனரேட்டர்

இலங்கை மலைநாட்டில் இருக்கும் பட்டிப்பொலையில் அந்த டிசம்பர் இரவு ஒன்றரை மணிக்கு ஜெனரேட்டர் நின்றுபோனது எனக்கு உடனே தெரியவில்லை. அந்த இரைச்சலுக்குள் தூங்கப் பழகிவிட்ட காதுக்கு அமைதி உறைப்பதற்குச் சிறிது நேரம் பிடித்தது. எழுந்து பார்த்தபோது என் மாமனார் வேனின் முன் ஆசனத்தில், போர்வையைத் தலையோடு இழுத்துப் போர்த்தியபடி, மூச்சு இயந்திரத்தின் முகமூடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண்ணாடிக்கு வெளியே மூடுபனி வெள்ளைச் சேலையைக் கட்டிவிட்டதுபோல் நின்றது. "நீங்க படுங்க மாப்பிள, நான் சும்மாதான் ஒக்காந்திருக்கேன்," என்றார். அவருக்குத் தூக்கத்தில் மூச்சுத் தடைப்படும் நோய் இருக்கிறது. சீபாப் என்னும் அந்த இயந்திரம் இல்லாமல் படுத்தால் ஒரு மணி நேரத்துக்குள் பல தடவை திணறி விழித்துக்கொள்வார். எங்கள் தூக்கத்தைக் கெடுக்கக் கூடாதென்று அவர் விடியும்வரை படுக்கவேயில்லை. மலிவாக ஒரு ஜெனரேட்டரைத் தேடி நான் அலைந்த மாதங்கள் எல்லாம் அந்த முன் ஆசனத்திலிருந்துதான் தொடங்கின.

எங்கள் வேன் புதினமான ஒன்றல்ல. மச்சானின் பழைய டொல்பின் வேனில் பின் ஆசனங்களைக் கழற்றிவிட்டு, பலகையும் மெத்தையும் போட்டு, திரைச்சேலை தைத்து, தவணை விடுமுறைகளில் மட்டும் அதைக் கேம்பர் வேன் என்று அழைக்கிறோம். வருடத்துக்கு மூன்று தடவை, சில வருடங்களில் நான்கு தடவை புறப்படுவோம். ஒவ்வொரு தடவையும் இரண்டு இரவு, மிஞ்சினால் மூன்று. பட்டிப்பொலையில் நாங்கள் நிறுத்தியது ஒரு நண்பரின் மரக்கறித் தோட்ட ஓரத்தில். ஜெனரேட்டரோ அயல்வீட்டில் இரவல் வாங்கியது. 950 என்று எல்லோரும் பெயர் சொல்லும், பெற்றோலில் எண்ணெய் கலந்து ஊற்ற வேண்டிய அந்தச் சிறிய டூ-ஸ்ட்ரோக் வகை.

அது ஏன் நின்றது என்பதை ஹட்டனில் எங்கள் வேனைப் பழுதுபார்க்கும் மெக்கானிக் பாஸ்தான் அடுத்த வாரம் விளக்கினார். என்ஜினுக்குத் தீப்பொறி தரும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். அதன் முனை ஈரமான கரியால் மூடிக்கிடந்தது. விரலால் தடவினால் கண்மை போல ஒட்டியது. தாங்கியில் பாதிப் பெற்றோல் அப்படியே இருந்தது, ஆகவே எரிபொருள் தீர்ந்து நின்றதல்ல. ஒரு லீற்றர் பெற்றோலுக்கு 20 மில்லிலீற்றர் எண்ணெய் கலக்க வேண்டிய இடத்தில் மச்சான் 'என்ஜினுக்கு நல்லது' என்று கை தாராளமாக ஊற்றியிருந்தார். அது ஒரு காரணம். நாங்கள் இரவு முழுவதும் அதிலிருந்து எடுத்தது ஒரு மூச்சு இயந்திரத்துக்கும் ஒரு விளக்குக்குமான மின்சாரம் மட்டுமே. அவ்வளவு குறைந்த சுமையில் ஓடும் டூ-ஸ்ட்ரோக் என்ஜின் சூடேறித் தன் கரியைத் தானே எரித்துக்கொள்வதில்லை. அது இரண்டாவது காரணம். மூன்றாவது, பட்டிப்பொல. இலங்கையிலேயே மிக உயரத்தில் இருக்கும் ரயில் நிலையம் அது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,890 மீற்றர். அங்கே காற்றின் அடர்த்தி குறைவு. காற்றையும் பெற்றோலையும் கலக்கும் கார்பரேட்டரோ கொழும்பில் ஊற்றும் அளவுக்கே பெற்றோலை ஊற்றுகிறது. காற்றுக் குறைந்து பெற்றோல் மிகுந்தால் புகை, கரி, பிறகு மௌனம்.

பெட்டியில் எழுதிய இலக்கம்

மச்சானின் தீர்வு எளிமையானது. கிட்டத்தட்ட மூவாயிரம் வாட் வரும் மூன்று கேவிஏ ஜெனரேட்டர் ஒன்றை வாங்கிவிட்டால் எதற்கும் கவலையில்லை என்றார். வேன் இல்லாத நாட்களில் வீட்டுக்கும் ஆகும் என்பது அவருடைய கூடுதல் வாதம். 2022இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டை அனுபவித்த எவரிடமும் இந்த வாதத்தை லேசில் மறுக்க முடியாது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு ஏறி நாடு முழுவதையும் இருட்டாக்கிய பிறகு இன்னும் முடியாது. ஆனால் எனக்கு ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. பட்டிப்பொலையில் நின்றுபோன இயந்திரம் சக்தி போதாமல் நிற்கவில்லை. நாங்கள் கேட்டது மிகக் குறைவு என்பதும் அது நின்றதற்கு ஒரு காரணம். அதற்கு மருந்தாக நான்கு மடங்கு பெரிய ஒன்றை வாங்குவது எப்படிச் சரியாகும்?

மச்சான் சொன்ன வகையைக் கடையில் தூக்கிப் பார்த்தேன். ஒருவரால் தூக்க முடியாது. நாற்பது கிலோவுக்கு மேல் வரும். அதைவிட முக்கியமானது, அவ்வகை ஜெனரேட்டர் நம் வீட்டு மின்சாரத்தின் அதிர்வெண்ணான 50 ஹேர்ட்ஸைக் கொடுக்க வேண்டுமானால் நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடியே ஆக வேண்டும். ஒரு போனை மட்டும் சொருகினாலும் அதே 3,000, அதே இரைச்சல், மணிக்கு ஏறக்குறைய ஒரு லீற்றர் பெற்றோல். 2022இல் கேன்களுக்குப் பெற்றோல் கொடுக்கமாட்டோம் என்று எரிபொருள் நிலையங்களில் திருப்பி அனுப்பிய காலத்தை மறக்காதவர்கள், இரவொன்றுக்கு எட்டு லீற்றர் குடிக்கும் ஒன்றை வாங்குமுன் இரண்டு தடவை யோசிப்பார்கள். இன்வேர்ட்டர் வகை இதிலிருந்து வேறுபட்டது. அது தான் பிறப்பிக்கும் மின்னை முதலில் நேரோட்டமாக்கி (டிசி), பிறகு மின்னணுச் சுற்றின் மூலம் சீரான ஆடலோட்டமாக (ஏசி) வெளியே விடுகிறது. அதனால் என்ஜினின் வேகத்துக்கும் ஹேர்ட்ஸுக்கும் தொடர்பு அறுந்துவிடுகிறது. சுமை குறைந்தால் என்ஜின் தணிந்து ஓடலாம். சத்தமும் பெற்றோலும் கூடவே தணிகின்றன. விலை மட்டும் தணிவதில்லை.

பெட்டியின் பக்கத்தில் பெரிய எழுத்தில் இருக்கும் இலக்கத்தை இரண்டு தடவை வெட்ட வேண்டும் என்பதை அந்த நாட்களில்தான் கற்றுக்கொண்டேன். முதல் வெட்டு, உச்ச அளவுக்கும் தொடர்ந்து கொடுக்கக்கூடிய அளவுக்கும் இடையிலானது. 800 வாட் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் 950 வகை தொடர்ந்து தருவது 650 வாட்தான். அது சிறிய எழுத்தில் இருக்கும். இரண்டாவது வெட்டு எந்தப் பெட்டியிலும் இல்லை, அதை மலைநாட்டில் இருப்பவர்கள் தாமாகவே போட்டுக்கொள்ள வேண்டும். 300 மீற்றர் ஏறும்போதெல்லாம் மூன்றிலிருந்து மூன்றரை வீதம் சக்தி போய்விடும் என்பது பொதுவான கணக்கு. பட்டிப்பொலையில் அது ஏறத்தாழ 20 வீதம். ஆக 650 வாட் அங்கே 500 வாட் சொச்சம்தான். அந்த மாலையில் 700 வாட் சோற்றுக் குக்கரைச் சொருகியவுடன் அந்தச் சிறிய இயந்திரம் தொண்டை கம்மி இருமியதற்கு இப்போது காரணம் தெரிகிறது. கார்பரேட்டரில் பெற்றோல் வரும் துளையான ஜெட்டைக் கழற்றிவிட்டு, அதைவிடச் சிறிய ஜெட் ஒன்றைப் போட்டுத் தரவா என்று பாஸ் கேட்டார். பெற்றோல் குறைந்து கலவை சீராகும், கரி பிடிக்காது; ஆனால் அதே ஜெட்டோடு கீழே கடற்கரைப் பக்கம் கொண்டுபோனால் என்ஜின் மிதமிஞ்சிச் சூடாகும் என்றும் அவரே சொன்னார். இரவல் பொருளில் கைவைக்க எனக்கு மனம் வரவில்லை.

ஒரு வாட் மீற்றரும் ஒரு கணக்கும்

சுவர் பிளக்கில் சொருகி, எவ்வளவு வாட் இழுக்கிறது என்று காட்டும் சிறிய மீற்றர் ஒன்றை வாங்கினேன். இந்த முழு விவகாரத்திலும் நான் செலவழித்த பணத்தில் மிகப் பயனுள்ள செலவு அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன். மாமாவின் இயந்திரம் ஈரப்பதமூட்டியோடு 60, 70 வாட் என்று ஏறி இறங்கியது. ஈரப்பதமூட்டியை அணைத்ததும் 30க்கும் 35க்கும் இடையில் வந்து நின்றது. மலையில் காற்றே ஈரமாக இருக்கும்போது அது இல்லாமல் இரண்டு இரவு சமாளிக்கலாம் என்று அவருடைய வைத்தியரும் சம்மதித்தார். எட்டு மணி நேரத்துக்கு 280 வாட்-மணி. இரண்டு எல்இடி விளக்கும் நான்கு போனும் சேர்ந்தால் இன்னொரு நூறு. பெட்டரி மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வேர்ட்டரில் வீணாவதையும் சேர்த்து ஒரு இரவுக்கு 450க்குள் அடங்கிவிடுகிறது. 100 அம்பியர்-மணி கொண்ட சாதாரண ஈய பெட்டரி ஒன்றில், அதைப் பாதிக்கு மேல் வடியவிடக் கூடாது என்ற விதியை மதித்தாலும், 600 வாட்-மணி இருக்கிறது.

இதைத் தாளில் எழுதிப் பார்த்தபோது எனக்குச் சற்று வெட்கமாக இருந்தது. முதல் இரவுக்கு எங்களுக்கு ஜெனரேட்டரே தேவையில்லை. இரவு முழுவதும் ஓடவேண்டிய அவசியம் எந்த ஜெனரேட்டருக்கும் இல்லை. வேனில் தனியாக ஒரு பெட்டரியை வைத்து, பயணத்தின்போது என்ஜின் ஓடும்போது மின் பிறப்பிக்கும் வேனின் ஓல்டனேட்டரிலிருந்தே அதை நிரப்பிக்கொண்டால் முதல் இரவு கழிந்துவிடும். இரண்டாவது இரவுக்காக மறுநாள் பகலில் இரண்டு மூன்று மணி நேரம் பெட்டரியை நிரப்ப ஏதாவது வேண்டும், அவ்வளவுதான். சூரியத் தகடு போடலாமே என்று கேட்பவர்கள் டிசம்பரில் பட்டிப்பொலைக்கு அடுத்த அம்பேவலைப் பக்கம், மூடுபனிக்குள் நான்கு நாட்கள் தங்கிப் பார்க்கட்டும். தேநீருக்கு வெந்நீர், சோறு, கறி எல்லாம் இரண்டு கிலோச் சொச்சம் காஸ் பிடிக்கும் சிறிய சிலிண்டரில் ஆகிவிடும். 2,000 வாட் கேத்தலுக்காக ஜெனரேட்டர் வாங்குவது, வருடத்துக்கு ஒரு தடவை வரும் விருந்தாளிக்காக வீட்டில் ஓர் அறையைக் கூட்டிக் கட்டுவதைப் போன்றது. மச்சான் இதை ஏற்கவில்லை. இன்றும் ஏற்கவில்லை.

மாமாவின் பூதக்கண்ணாடி

கொழும்பில் ஜப்பானிலிருந்து வரும் பழைய பொருட்களை விற்கும் ஒரு கடையில், தையல் இயந்திரங்களுக்கும் புல்வெட்டிகளுக்கும் நடுவே, ஒரு சிவப்புச் சூட்கேஸ் போல உட்கார்ந்திருந்தது ஹொண்டா ஈயு9ஐ. 900 விஏ, அதாவது ஏறத்தாழ 900 வாட், 13 கிலோ, இரண்டு லீற்றரைச் சற்றுத் தாண்டும் தாங்கி. ஒரு கையால் தூக்கினேன். கயிற்றை இரண்டாவது இழுப்பிலேயே பிடித்துக்கொண்டு ஓடியது. பக்கத்தில் நின்று பேசினால் குரலை உயர்த்த வேண்டியிருக்கவில்லை. விலை, புதிய இன்வேர்ட்டர் ஜெனரேட்டர் ஒன்றின் விலையில் பாதிக்கும் குறைவு. கடைக்காரர் என் போன் சார்ஜரைத் தானே ஒரு மாற்று பிளக்கில் சொருகிக் காட்டினார். போன் சார்ஜ் ஆனது. பணத்தை எடுக்கப் போன கையோடு குனிந்து, அதன் முகப்பில் இருந்த இலக்கத்தைப் படித்தேன். 100 வோல்ட். ஜப்பானிய வீட்டு மின்சாரம் அதுதான். நம்முடையது 230. கடைக்காரரைப் பார்த்துச் சிரித்துவிட்டு, அடுத்த ரயிலைப் பிடித்தேன். அவர் பொய் சொல்லவில்லை. நான் கேட்காததைச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அன்றிரவு வீட்டில் சாப்பாட்டு மேசையில் இதை ஒரு ஏமாற்றக் கதையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். மாமா ஒரு காலத்தில் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். இயந்திரம் எதையும் அதன் தகட்டைப் படிக்காமல் தொடமாட்டார். கதையை முடிக்கும்வரை பேசாமல் கேட்டார். பிறகு அறைக்குள் போய்த் தன் மூச்சு இயந்திரத்தின் கறுப்பு அடப்டரை வயரோடு எடுத்துக்கொண்டு வந்து, பத்திரிகை படிக்கும் பூதக்கண்ணாடியை அதன் அடிப்பக்கத்தில் வைத்து, விளக்குக்கு நேரே சாய்த்துப் பிடித்தார். சாம்பல் நிறத்தில், எறும்பு ஊர்ந்ததைப் போன்ற எழுத்து. "நூறுல இருந்து எரநூத்தி நாப்பது வரைக்கும்னு போட்டிருக்கே," என்றார். என் போன் சார்ஜரைக் கேட்டார். அதிலும் 100–240. மகளின் மடிக்கணினி அடப்டரைக் கேட்டார். அதிலும். மேசையில் அடப்டர்கள் வரிசையாகக் கூடிக்கொண்டே போயின; ஒவ்வொன்றையும் படித்துவிட்டுத் தன் வலப்பக்கம் வைத்தார். இடப்பக்கம் கடைசியில் சேர்ந்தவை மூன்றே மூன்று: சோற்றுக் குக்கர், கேத்தல், மின்விசிறி. அந்த மூன்றையும் நாங்கள் மலைக்கு எடுத்துப்போகப் போவதே இல்லை.

கடையில் அது ஏன் மலிவு என்பதற்கு நான் கொண்டிருந்த விளக்கம் அந்த மேசையில் தலைகீழானது. இந்த நாட்டு வீட்டுக்கு அது உதவாது, ஆகவே யாரும் வாங்குவதில்லை, ஆகவே மலிவு. ஆனால் எங்கள் வேனுக்குள் இருந்த சாமான்களுக்கு வோல்ட் வேறுபாடு ஒரு பொருட்டாகவே இருக்கவில்லை. மின்னணு அடப்டர்கள் நூறையும் இருநூற்று முப்பதையும் ஒரே மாதிரி விழுங்கிக்கொள்கின்றன. ஜப்பானுக்குள்ளேயே கிழக்குப் பகுதியில் 50 ஹேர்ட்ஸும் மேற்கில் 60 ஹேர்ட்ஸும் ஓடுவதால், அந்த இயந்திரத்தில் ஹேர்ட்ஸை மாற்றவும் ஒரு சுவிட்ச் இருந்தது. அடுத்த சனிக்கிழமை மறுபடி ரயில் ஏறினேன். கடைக்காரர் என்னை அடையாளம் கண்டுகொண்டு முதலில் சொன்ன விலையையே சொன்னார். நான் 100 வோல்ட் என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக் கொஞ்சம் குறைத்தேன். அந்தச் சாமர்த்தியத்தில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை.

எல்லோருக்கும் இதை வாங்குங்கள் என்று நான் சொல்லவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே, ஆசைக்காகக் குக்கரைச் சொருகிப் பார்த்தோம். 230 வோல்ட்டுக்குச் செய்த சூடாக்கி 100 வோல்ட்டில் தன் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கைக்கூடத் தராது. 700 வாட் குக்கர் 130 வாட்டில் நின்றது, நாற்பது நிமிடம் கழித்து அரிசி வெந்நீரில் குளித்துவிட்டு எழுந்ததைப் போல் கிடந்தது. சூடாக்கிக்கு அது வெறும் ஏமாற்றம்தான். குளிர்சாதனப் பெட்டி போன்ற மோட்டார் உள்ளவற்றைச் சொருகினால் மோட்டார் சுழல முடியாமல் திணறிக் கருகிவிடக்கூடும். அதனால் அதன் மூடியில் சிவப்புப் பெயின்ற்றில் 100 என்று உள்ளங்கை அகலத்துக்கு எழுதிவைத்திருக்கிறேன். என்னிடம் ஏற்கெனவே இருந்த பெட்டரி சார்ஜரை மட்டும் நான் படித்துப் பார்க்க மறந்துவிட்டேன். இரும்புச் சுருள் உள்ள பழைய வகை, 220–240 என்று தெளிவாகவே எழுதியிருந்தது. மாமா மேசையில் செய்த வேலையை நான் அந்த ஒன்றுக்குச் செய்யாததால், 100–240இல் வேலை செய்யும் 20 அம்பியர் சார்ஜர் ஒன்றுக்காக மேலும் இரண்டு கடைகள் ஏற வேண்டியதாயிற்று. ஜெனரேட்டரிலேயே 12 வோல்ட் வெளியீடு இருக்கிறதே, அதில் நேரே பெட்டரியை மாட்டினால் என்ன என்று கேட்கத் தோன்றும். அது எட்டு அம்பியர் அளவே தருகிறது. இரவு வடித்ததை நிரப்பப் பகலில் பாதி போய்விடும்.

மழையும் புகையும்

மழைக்குள் ஜெனரேட்டர் நனையக் கூடாது. இந்த ஒரு காரணத்துக்காகவே பலர் அதை வேனுக்கு அடியில் தள்ளிவிடுகிறார்கள், அல்லது வேனோடு சேர்த்துக் கட்டிய தறப்பாளுக்குள் வைக்கிறார்கள். அதன் புகையில் இருக்கும் காபனோரொட்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. குருதியில் உள்ள ஹீமோகுளோபின் ஒட்சிசனைப் பிடிப்பதைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக அதைப் பிடித்துக்கொள்கிறது. குளிருக்காகக் கண்ணாடிகளை அடைத்துவிட்டுத் தூங்கும் வேனுக்குள் அது புகுந்தால் எழுப்புவதற்கு ஆள் இருக்காது. நுவரெலியாவில் குளிர் காய அறைக்குள் கரி அடுப்பை வைத்துக்கொண்டு உறங்கி இறந்தவர்களின் செய்தியை நாம் பத்திரிகையில் படித்தே இருக்கிறோம். அதுவும் இதே வாயுதான். குறைந்தது ஆறு மீற்றர் தள்ளி, காற்று வேனிலிருந்து வெளியே போகும் பக்கத்தில், புகைவாய் எதிர்த்திசையைப் பார்க்கும்படி வைக்க வேண்டும். பாஸ் எங்களுக்கு நான்கு இரும்புக் கால்களின் மேல் சாய்வாக ஒரு தகரத்தை ஒட்டித் தந்தார். நான்கு பக்கமும் திறந்திருக்கும், மழை மட்டும் உள்ளே வராது. பகலில் மட்டும் ஓடுவதால் இரவில் யாருடைய மூக்கையும் காதையும் பற்றி யோசிக்க வேண்டியதில்லை என்பது பெரிய ஆறுதல்.

ஏப்ரல் விடுமுறையில் மறுபடி அதே மரக்கறித் தோட்டத்துக்குப் போனோம். முதல் இரவு பெட்டரியில் கழிந்தது. நான் மூன்று தடவை எழுந்து மீற்றரைப் பார்த்தேன், மாமா ஒரு தடவைகூட எழவில்லை. காலை எட்டரைக்கு ஜெனரேட்டரை இழுத்துவிட்டு, சார்ஜர் 290 வாட் இழுப்பதைப் பார்த்தேன். 900இல் உயரத்துக்காகக் கழித்தாலும் 700 மிஞ்சுகிறது. பாதிச் சுமைகூட இல்லாததால் என்ஜின் தணிந்து முனகியது. பதினொன்றுக்கு நிறுத்தியபோது ஒரு லீற்றர் அளவே குறைந்திருந்தது. மாமா கரட் பாத்தி ஓரத்தில் கதிரையைப் போட்டு, கையில் தேநீரோடு, எத்தனை வாட், எத்தனை அம்பியர் என்று அவ்வப்போது கேட்டுத் தன் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டிருந்தார். தூரத்தில் கரகரவென்று ஒரு 950 ஓடும் சத்தம் கேட்டது. மச்சான் என்னைப் பார்க்காமல் கேத்தலுக்கு ஒன்று இருந்திருந்தால் நன்றாக இருக்கும் என்றார்.

வருடத்தில் சில நாட்கள் மட்டும் ஓடும் இயந்திரத்துக்கு, ஓடாத நாட்கள்தான் எதிரி. கார்பரேட்டரில் தேங்கிய பெற்றோல் இரண்டு மூன்று மாதங்களில் பசையாகிச் சிறு துளைகளை அடைத்துவிடும். ஆகவே ஒவ்வொரு பயணத்தின் முடிவிலும் பெற்றோலை அடைத்து, என்ஜின் தானாக நிற்கும்வரை ஓடவிடுகிறேன். மாதத்துக்கு ஒரு தடவை சிறிது பெற்றோல் ஊற்றி, சார்ஜரைச் சுமையாகப் போட்டு அரை மணி நேரம் ஓட்டுகிறேன். போன மாதம் அப்படி இழுத்தபோது கயிற்றின் கைப்பிடிப் பக்கம் இரண்டு இழை பிரிந்திருப்பதைக் கண்டேன். பாஸ் சாதாரண நைலோன் கயிறு தாங்காது, அதே தடிப்பில் பின்னல் கயிறு வேண்டும் என்கிறார். ஓகஸ்ட் விடுமுறைக்கு முன் அதைத் தேடிப் பிடிக்க வேண்டும்.